சீனன்குடாத் தாங்கிகளும் எங்கள் பாதுகாப்பும்

திருகோணமலையில் வாழும் எங்களுக்கு வல்லரசுகளின் போட்டி வெறும் தொலைக்காட்சிச் செய்தி அன்று. சீனன்குடாக் காட்டுக்குள் அது துருவேறி நிற்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் தாக்கியபோது எரிந்த எண்ணெய்த் தாங்கி ஒன்றின் இரும்பு, உருகி நெளிந்தபடியே இன்றும் கிடக்கிறது. அந்தப் போரில் இவ்வூர் மீனவருக்கு எந்த வழக்கும் இருக்கவில்லை.

1957 இல் பிரித்தானியர் இங்கிருந்த தங்கள் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். இலங்கையின் முன்மொழிவை ஏற்று இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக ஐ.நா. பொதுச் சபை 1971 இல் பிரகடனம் செய்தும் வல்லரசுகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களிலோ, இந்திய நலனுக்குக் குந்தகமாக இத்துறைமுகம் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் வழங்கப்படாது என்றும், சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைக்கும் என்றும் எழுதப்பட்டது. தமிழருக்குத் தீர்வு தேடிய அதே ஒப்பந்தத்தில் பிறந்த மாகாண சபை அரைகுறையாக நின்றுபோக, தாங்கிகள் பற்றிய பேச்சு மட்டும் 2022 இல் 61 தாங்கிகளுக்கான கூட்டு முயற்சியாகவும், 2025 இல் ஐக்கிய அரபு அமீரகமும் இணைந்த எரிசக்தி மையத் திட்டமாகவும் வளர்ந்திருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இந்தியாவின் பாதுகாப்பு அச்சம் நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 2006 இல் போரால் இடம்பெயர்ந்த, எங்கள் மாவட்டத்து மூதூர்ப் பகுதியின் சம்பூர் மக்கள் தற்காலிக முகாம்களில் இருந்த காலத்திலேயே அவர்களது மண்ணில் அனல்மின் நிலையம் திட்டமிடப்பட்டது. அடுத்த உடன்படிக்கைக்கான பேச்சு மேசையில் மூதூர் மக்களின் பிரதிநிதிகளும் அமர வேண்டும்.