தெர்மாக்கோல் கட்டர்: காணாமல் போன 0.8 வோல்ட்

ஒருவழியாக நேற்று ராத்திரி தெர்மாக்கோல் வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. வெட்டிய முகத்தில் விரலை ஓட்டினால் ஒரு வரி கூடத் தட்டவில்லை. இதற்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது.

வில் மாதிரி ஒரு சட்டத்தில் கம்பியை இழுத்துக் கட்டி, கரண்ட் விட்டுச் சூடாக்கி, அந்தச் சூட்டால் தெர்மாக்கோலை வெட்டுவதுதான் இந்தக் கட்டர். வில் சட்டம் எல்லோரும் செய்வதுதான், அதை விட்டுவிடுகிறேன். கம்பி 28 கேஜ் (கனத்தைச் சொல்லும் எண்) நிக்ரோம், அதாவது ஹீட்டரில் வரும் நிக்கல்-குரோமியம் கம்பி, 40 செ.மீ. பாக்கெட்டில் எழுதியிருக்கும் கேஜை நான் நம்புவதில்லை. பென்சிலில் 20 சுற்று நெருக்கமாகச் சுற்றி ஸ்கேலை வைத்தால் ஏழரை மி.மீ. வந்தது, ஒரு சுற்றுக்கு 0.375. சரி, எஸ்.டபிள்யூ.ஜி. என்ற கம்பிக் கன அளவுமுறையில் 28-தான். இந்தக் கனத்துக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 9.8 ஓம், ஆக 40 செ.மீ.க்கு 3.9 ஓம். மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து நேராகக் கம்பியிலேயே தொட்டுப் பார்த்தால் 4.3 காட்டியது. மீட்டரின் இரண்டு ப்ரோபையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.4, அது ப்ரோப் ஒயரின் சொந்தத் தடை. கழித்தால் கணக்கு சரியாக உட்கார்ந்தது.

12 வோல்ட் அடாப்டரை நேராகக் கொடுத்தால் 3 ஆம்பியருக்கு மேல், 37 வாட். கம்பி தொடுவதற்கு முன்பே தெர்மாக்கோல் உருகி ஒதுங்கிவிடுகிறது. அதனால் எக்ஸ்எல் 4015 என்ற வோல்ட் குறைக்கும் போர்டு வைத்து 8 வோல்ட்டாகக் குறைத்தேன். 8-ஐ 3.9-ஆல் வகுத்தால் 2.05 ஆம்பியர், 16 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். செ.மீ.க்கு 0.4 வாட், தெர்மாக்கோலுக்கு அது போதும்.

ஆனால் வெட்டவில்லை. பாதி தூரம் போய் இழுத்தது, அப்புறம் திடீரென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. வெட்டிய முகம் முழுக்க ஏணிப்படி மாதிரி வரிகள்.

கரண்ட்டை அளந்தே ஆகவேண்டும் என்று ஆனது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு மஞ்சள் மல்டிமீட்டர். அதன் 10 ஆம்பியர் சாக்கெட்டில் ஃபியூஸ் கிடையாது. ப்ரோபை அங்கேயே விட்டுவிட்டு வோல்ட் பார்க்கப் போனால் நேர் ஷார்ட். அதனால் 0.1 ஓம், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டுவிட்டேன்; கரண்ட் அளக்க இப்படிப் போடுவதை ஷன்ட் என்பார்கள். அதன் இரு முனைகளுக்கு நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று பார்த்துப் பத்தால் பெருக்கினால் மில்லிஆம்பியர். மீட்டரை வோல்ட்டிலிருந்து நகர்த்தவே வேண்டாம். ரெசிஸ்டரில் 5 சதவீதம் வரை பிசகு இருக்கலாம், இந்த வேலைக்கு அது பரவாயில்லை.

180 மில்லிவோல்ட். அதாவது 1.8 ஆம்பியர். 8-ஐ 1.8-ஆல் வகுத்தால் 4.44 ஓம். கம்பி 3.9, ஷன்ட் 0.1. மீதி 0.44 எங்கே?

சூட்டில் நிக்ரோமின் தடை ஏறியிருக்குமோ என்று முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டேன். பழைய குண்டு பல்பின் டங்ஸ்டன் இழையில் அப்படித்தான் நடக்கும்; எரியும்போது தடை பத்து மடங்குக்கு மேல் போகும். நிக்ரோம் அப்படியில்லை, இந்தச் சூட்டுக்கு மிஞ்சினால் சில சதவீதம். சரி என்று ப்ரோபைக் கம்பியின் இரு முனையிலும், கம்பியைக் கவ்வியிருக்கும் குரோக்கடைல் கிளிப்புக்கு உள்பக்கமாக வைத்தேன். 7.02 வோல்ட். 1.8-ஆல் வகுத்தால் அதே 3.9. கம்பி மேல் குற்றமே இல்லை.

ஷன்ட்டின் 0.18 போக 0.8 வோல்ட் வழியிலேயே நின்றுவிட்டது. 0.8 பெருக்கல் 1.8, கிட்டத்தட்ட ஒன்றரை வாட். குரோக்கடைல் கிளிப்பைத் தொட்டேன், சுட்டது! சிவப்பு பிளாஸ்டிக் உறையைப் பின்னால் தள்ளினால், ஒயரைச் சால்டர் செய்யவே இல்லை. நாலைந்து இழையை மடித்துத் தகட்டால் நசுக்கி வைத்திருக்கிறார்கள். வில்லை நகர்த்தும்போதெல்லாம் அந்த இடம் ஆடுகிறது, தடை மாறுகிறது, கரண்ட் ஏறி இறங்குகிறது. ஏணிப்படி வரிகள் அங்கேதான் பிறந்திருக்கின்றன. பத்து கிளிப் பாக்கெட் வாங்கினேன், பத்தும் இதே லட்சணம். காசு வாங்கிக்கொண்டு இப்படி விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நிக்ரோமில் ஈயம் சாதாரணமாக ஒட்டாது. அதனால் கிளிப்புக்குப் பதிலாக, பழைய ஹோல்டரிலிருந்து கழற்றிய பித்தளை ஸ்க்ரூ, இரண்டு வாஷர். வாஷர்களுக்கு நடுவே கம்பியை ஒரு முழுச் சுற்று, ஸ்க்ரூ இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்க இறுக்கக் கம்பி வெளியே பிதுங்கும். சுற்றுவதற்கு முன் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். சப்ளை ஒயரையும் கனமானதாக மாற்றினேன்.

இப்போது அதே 8 வோல்ட்டில் ஷன்ட்டில் 197 மில்லிவோல்ட், கம்பியில் 7.70 வோல்ட். தடை 3.91. சக்தி 15.2 வாட். முன்பு 12.6-தான் போய்க்கொண்டிருந்தது. வழியில் நிற்பது 0.1 வோல்ட் மட்டும். வில்லை ஆட்டினாலும் 197 அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ப்ரிங் இன்னும் மாட்டவில்லை. சூடானதும் கம்பி ஒரு மி.மீ.க்கு மேல் நீண்டு தொய்கிறது. பழைய பேனா ஸ்ப்ரிங் பலம் போதாது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் அடுத்த முறை போகும்போது தேட வேண்டும். வெட்டும்போது ஜன்னலைத் திறந்து ஃபேனைப் புகைக்குக் குறுக்கே வையுங்கள், அந்தப் புகை நல்லதில்லை.

அதற்குள் மனசு பெரிய வில்லுக்குப் போய்விட்டது. 75 செ.மீ. வில், நவராத்திரிக் கொலுவுக்கு முழு அட்டையையும் ஒரே இழுப்பில் வெட்ட. கணக்குப் போட்டால் 7.3 ஓம். செ.மீ.க்கு அதே சூடு வேண்டும் என்றால் கரண்ட் மாறுவதில்லை, அதே 2 ஆம்பியர்தான். வோல்ட் மட்டும் நீளத்தோடு ஏறி 14.6, சக்தி 29 வாட். 12 வோல்ட் அடாப்டர் பத்தாது, இந்த போர்டும் குறைக்க மட்டுமே செய்யும். அலமாரியில் பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் ஒன்று கிடக்கிறது. ஒயரை இன்றைக்கே வெட்டி எடுத்துவிட்டேன், பித்தளை ஸ்க்ரூ நாலும் தனியாக எடுத்து வைத்தாயிற்று.