நீலச்சிறகியா, கிளுவையா?

போன மார்கழியில் கரிக்கிலி ஏரிக்கரையில் உட்கார்ந்து வாத்துகளை எண்ணி, "கிளுவை, பெட்டை: 43" என்று நோட்டில் எழுதினேன். கூட வந்த அண்ணன் எட்டிப் பார்த்தார். "நாற்பத்து மூணும் பெட்டையா தம்பி? புருஷன்மார் எங்கே போனாங்க?"

ஆணாக இருந்தால் குழப்பமே கிடையாது. கிளுவைக்குச் செம்பழுப்புத் தலை, கண்ணிலிருந்து பிடரி வரை பச்சைப் பட்டை, வாலடியில் மஞ்சள் திட்டு. நீலச்சிறகிக்கு, திருநீற்றை விரலால் இழுத்துவிட்ட மாதிரி வெள்ளைப் புருவம். பெட்டைகள்தான் தலைவலி. இரண்டுமே தவிட்டு நிறம். நீலச்சிறகி சற்றுப் பெரிது என்பார்கள், இரண்டும் பக்கத்தில் நின்றால்தானே!

"முகத்தைப் பாரு" என்று தொலைநோக்கியை என் பக்கம் தள்ளினார். கண் வழியே ஒரு கருங்கோடு, கன்னத்தில் மங்கலாய் இன்னொன்று, அலகு தொடங்கும் இடத்தில் வெளிறிய பொட்டு. நீலச்சிறகி. கிளுவைக்கு முகத்தில் இவ்வளவு கோடு இருக்காது. வாலோரத்தில் சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு கீற்று இருக்கும். ஒன்றுக்கும் அந்தக் கீற்று இல்லை. நம் பக்கத்து ஏரிகளுக்குக் கூட்டங்கூட்டமாக வருவது நீலச்சிறகிதான், கிளுவை அதைவிடக் குறைவு. அதையாவது யோசித்திருக்கலாம்.

முன்பு இரண்டையும் அனஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்தபின் நீலச்சிறகியைத் தட்டைவாயன் என்ற வாத்தோடு ஸ்பாட்டுலா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்கென்னவோ இன்னும் பங்காளிகளாகத்தான் தெரிகின்றன.

"சரிண்ணா, இதுல நீலம் எங்கே இருக்கு?" என்று கேட்டு வாய் மூடவில்லை, சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேல் தாழப் பறந்து வந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்தது. பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு முன்சிறகில் வெளிர் சாம்பல்நீலம், வெயிலில் பளிச்சென்று. அத்தனையும் ஆண்கள்! இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்துப் பெட்டை வேடம் போடும். கிளுவை சீக்கிரம் கலைத்துவிடும். நீலச்சிறகி தை, மாசி வரைகூட அப்படியே திரியும். சிறகின் நீலம் மட்டும் அந்த வேடத்திலும் போகாது.

நோட்டில் "கிளுவை"யை அடித்தேன், "பெட்டை"யையும் அடித்தேன். 43 மட்டும் நின்றது.

"நாற்பத்தாறு" என்றார் அண்ணன்.