கொப்பிக்குள் ஒளித்த காசு

இலங்கையில், மட்டக்களப்பின் படுவான்கரையில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். 7ஆம் ஆண்டுப் பெடியன் ஒருவன் கணக்குக் கொப்பியின் உறைக்குள் 500 ரூபாய்த் தாளை மடித்து வைத்திருந்தான், ஏனென்று கேட்டால், "வீட்டில இருந்தா அப்பா கசிப்புக்கு எடுத்திருவார் சேர், அம்மாதான் ஒளிக்கச் சொன்னா" என்றான் (கசிப்பு என்றால் கள்ளச்சாராயம்). 12 வயதில் வீட்டு உண்டியலே அவன்தான். அப்பாவைத் திருத்துவது பற்றி ஊரே கதைக்கும் (நானும்தான்), பிள்ளையிடம் "இது உன்னால வந்ததில்ல" என்று ஒருவரும் சொல்வதில்லை. சரி, நானாவது சொன்னேன். அடி, பட்டினி என்று போனால் சிறுவர் உதவி எண் 1929க்கு அழைக்கலாம், காசில்லை, தமிழிலும் பேசலாம். அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்போது வகுப்பு முடிந்தும் ஒரு மணித்தியாலம் கதவைப் பூட்டுவதில்லை. வீட்டுவேலையை அங்கேயே இருந்து முடித்துவிட்டுத்தான் போகிறான்.