தம்பிக்குப் பாதுகாவலர் சான்று வாங்கிய கதை

போன மாதம்தான் சான்று கைக்கு வந்தது. மொத்தம் ஒன்பது மாத அலைச்சல், அதில் பாதிக்கு மேல் வீண். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

தம்பிக்கு அறிவுசார் குறைபாடு, 75 சதவீதம். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை எல்லாம் அம்மா முன்பே வாங்கிவிட்டார். வினை வந்தது அவனுக்கு 18 முடிந்தபோது. "மேஜர் ஆயிட்டாரு, இனி அவரேதான் கையெழுத்துப் போடணும்" என்றார்கள் வங்கியில். கூட்டிப் போனோம். கையெழுத்துக் கட்டத்துக்குள் பொறுமையாக ஒரு சூரியன் வரைந்தான், கதிர்கள் உட்பட. "கோர்ட் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று படிவத்தை மடித்து நீட்டினார் அந்த அலுவலர்.

சரி என்று ஒரு வக்கீலைப் பிடித்தோம். முன்பணம் போனது, நான்கு மாதமும் போனது.

விஷயம் தெரிந்தது ஒரு மருத்துவ முகாம் பெஞ்சில். பக்கத்தில் மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா. "யாரும்மா உன்னைக் கோர்ட்டுக்கு அனுப்புனது?" என்று கேட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்ற தாயே ஆனாலும் 18க்குப் பிறகு விண்ணப்பித்துத்தான் ஆக வேண்டும். அந்தச் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், வங்கியில் பேச்சு குறையும்.

அப்புறம் அந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்க அலுவலகம். முதல் தடவை, "அந்தக் கமிட்டியெல்லாம் இப்பக் கூடுறதில்ல." இரண்டாம் தடவை பெயர்ச் சிக்கல்: ஆதாரில் இனிஷியல் முன்னால், யுடிஐடி அட்டையில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். ஆதாரைத் திருத்தப் போனால், 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் பதிவு புதுப்பிக்கவே இல்லையாம். கருவிழிக் கருவியைப் பார்த்ததும் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரிக்கிறான். அரை மணி நேரம் போராடினோம். கடைசியில் அங்கிருந்த பெண் தன் போனில் ரயில் வீடியோ ஒன்றை ஓடவிட்டுக் கருவிக்குப் பின்னால் பிடித்தாள். கண் அகல விரிந்தது. வேலை முடிந்தது. அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

மூன்றாம் தடவை விண்ணப்பத்தை வாங்கினார்கள், ஒப்புகைச் சீட்டு தரவில்லை. நானும் விட்டுவிட்டேன். அது என் முட்டாள்தனம். ஒன்றரை மாதம் கழித்துக் கேட்டால், "அப்படி எதுவும் வரலையே!" திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மறு நகலோடு மனு கொடுத்தேன். மனு எண் விழுந்த பிறகுதான் கூடாத கமிட்டிக்குத் தேதியே குறித்தார்கள்.

விசாரணை ஐந்தே நிமிடம். "அம்மா எங்கே?" என்று கேட்டார்கள். தம்பி கைகாட்டினான்.

சான்று வாங்கியதோடு முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் அவன் பெயரில் உள்ள சொத்து, கணக்கு விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இதையும் அலுவலகத்தில் சொல்லவில்லை, அந்த அக்காதான் சொன்னார். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீட்டில் அவனைச் சேர்க்கச் சொன்னதும் அவரே. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எங்களையும் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு பகல்நேர மையம் இருப்பதே அதில்தான் தெரிந்தது. ஆறு வருடமாக அந்தத் தெரு வழியாகத்தான் காய்கறிக்குப் போகிறோம்!

தம்பி இப்போது பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்கு வருகிறான். முதல் வாரம் முழுக்க அம்மா மையத்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். போன புதன்கிழமை மூன்று முறை போன் அடித்தும் எடுக்கவில்லை. பதறிப்போய் வீட்டுக்கு ஓடினால், ஃபேனுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்.