வெறும் வயிற்றில்

ஜனவரி 5
அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சுகர் 238. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 341. மூன்று மாதச் சுகர் 9.6. கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடையாது. "200க்குக் கீழ வரட்டும், அப்புறம் பாப்போம்" என்று டாக்டர் சீட்டை மடித்துக் கொடுத்துவிட்டார். இந்தச் சுகரோடு கத்தி வைத்தால் புண் ஆற நாளாகும், கிருமி தொற்றும். எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கு வேறு கோபம். டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாளும் காப்பியில் சீனியே போடாமல் குடித்தாளே, அது வீணாப் போச்சாம். ரத்தத்தில் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டின சர்க்கரையைத்தான் எண்ணுகிறார்கள், தீபாவளி அதிரசமும் அதில் இருக்கும் என்றேன்.
"அதுக்கு இப்ப வந்து கேஸ் போடுதானா?" என்றாள்.

ஜனவரி 6
இன்சுலின் ஆரம்பம். காலை, இரவு. ஊசிக்கு ஒன்றும் சொல்லவில்லை. மருந்தை ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்ததற்குத்தான் முகம் சுளித்தாள்.

ஜனவரி 8
221.

ஜனவரி 9
மாதச் சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். சீனி 4 கிலோ என்று கை தானாக எழுதியது. ஆள் மூன்று. வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 44 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 50 கிராம். 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. அப்போ நாங்கள் பாஸ்தான். ஆனால் இந்த 44இல் மேரி பிஸ்கட் சேராது, என் வீட்டுக்காரர் டீக்கடையில் குடிக்கிற டீயும் சேராது. ஐந்து டீ, இரண்டிரண்டு ஸ்பூன். 40 கிராம் அங்கேயே போய்விடுகிறது. ஆபீஸ் செக்கப்பில் ஈரலில் கொழுப்பு என்று வந்தபோது, "நான்தான் குடிக்கிறதே இல்லையே" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனார். சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். ஃப்ரக்டோஸில் பெரும்பங்கை ஈரல்தான் வாங்கிக்கொள்கிறது, அளவு மிஞ்சினால் கொழுப்பாக்கி வைத்துக்கொள்கிறது. டீக்கடையிலேயே அந்த வேலை நடந்துவிடும்.

2 கிலோ என்று திருத்தினேன். அவர் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

ஜனவரி 11
அத்தை வந்தாள், உடன்குடிக் கருப்பட்டியோடு. "மைனி, சீனிதான் கெடுதல். இது மரத்துல இருந்து வாரது, ஒண்ணும் செய்யாது." அம்மா என் பக்கம் திரும்பாமலே ஒரு துண்டை வாயில் போட்டாள். அப்புறம் இன்னொன்று. சாயங்காலம் குத்திப் பார்த்தால் 296. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். இரும்புச் சத்து இருக்கிறது என்பார்கள், அதை நம்பித் தின்றால் கூடவே எவ்வளவு சர்க்கரை போகும்! தேனிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அத்தையிடம் மிஷினைக் காட்டினேன். மிஷின் சரியில்லை என்றாள்.

ஜனவரி 12
அம்மாவுக்குப் பார்த்த கையோடு ஊசியை மாற்றி என் விரலையும் குத்தினேன். 112. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருக்கணும், 126ஐத் தொட்டாலே எனக்கும் சீட்டு எழுதுவார்கள். யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 15
சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். வைக்காமல் முடியுமா. அம்மா தன் இலைக்கு ஒரே ஒரு ஸ்பூன் போதும் என்று கையைக் குறுக்கே வைத்துவிட்டாள், எல்லோரும் பார்க்கும்படி. அப்புறம் வெண்பொங்கல். அதற்கு மேல் சோறும் சாம்பாரும், மூன்று முறை. "சீனியை விட்டுட்டீங்க, சோத்தை விடலையே" என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். சோறும் உள்ளே போனால் குளுக்கோஸ்தான். சீனி டப்பாவைப் பிடுங்கினால் திட்டுவாள். சோற்றைக் குறைத்தால் அழுகிறாள். எனக்குத் திட்டே தேவலை.

ஜனவரி 16
264. காரணம் கேட்கவில்லை.

ஜனவரி 19
183!

ஜனவரி 20
இரவு இரண்டு மணிக்கு அம்மா என்னை வேறு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். தொட்டால் ஜாக்கெட்டெல்லாம் நனைந்து கிடக்கிறது, கை நடுங்குகிறது. 52. சீனி டப்பா பரண்மேல். அவர் நாற்காலி போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தார். அரை டம்ளர் தண்ணீரில் நாலு ஸ்பூன், 15 கிராம் கணக்கு. சாக்லேட் கொடுக்கக் கூடாது, அதில் உள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். குடிக்க வைத்துவிட்டு 15 நிமிஷம் காத்திருக்கணும். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. 84. ரொட்டி கொடுத்தேன். நிதானம் வந்ததும் அம்மா சொன்னது: "இம்புட்டுச் சீனி போட்டு நீ குடுத்து எத்தன நாளாச்சு."

காலையில்தான் விஷயம் தெரிந்தது. ராத்திரி ஒரே ஒரு இட்லி சாப்பிட்டிருக்கிறாள். நம்பர் இன்னும் இறங்கட்டும் என்று. ஊசி மட்டும் முழு அளவு.

ஜனவரி 21
இரவு ஊசியைக் குறைத்திருக்கிறார்கள். அம்மா தலைமாட்டில் இப்போது ஒரு சின்ன பாட்டிலில் சீனி. "அவசரத்துக்கு மட்டும்" என்று அவர் ஒட்டி வைத்தார்.

ஜனவரி 23
பாட்டிலில் அளவு குறைந்த மாதிரி இருக்கிறது. கோடு போட்டு வைக்கணும்.

ஜனவரி 24
அம்மா 176. நான் 109. டீயில் அரை ஸ்பூன்தான் இப்போது. போன வாரம் கழுநீர் மாதிரி இருந்தது, இன்று அவர் டம்ளரை மாற்றி எடுத்துவிட்டுத் திகட்டிப்போய் வைத்துவிட்டேன். "உனக்கு எதுக்குடி பத்தியம்?" என்றார். தொப்பைக்கு என்றேன்.

ஜனவரி 25
கோட்டுக்குக் கீழே போய்விட்டது. கேட்டால், எறும்பாம்.

ஜனவரி 27
158, 192. தேதி கொடுத்துவிட்டார்கள். 29, காலை 6 மணி.

ஜனவரி 28
வெறும் வயிற்றில் வரணும் என்று சீட்டில் போட்டிருக்கிறது. காலை ஊசி போடலாமா, கூடாதா, அது இல்லை. சாப்பிடாமல் ஊசி போட்டால் 20ஆம் தேதி கதைதான். போடாமல் போய், ஏறிக் கிடந்தால் திருப்பி அனுப்புவார்கள். மத்தியானத்திலிருந்து போன் போடுகிறேன், எடுக்கவில்லை. அவர் நேரில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அம்மா எந்தச் சேலை கட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.