வீட்டு வாசல்ல பைக் ரேஸ்: ஐல் ஆஃப் மேன் போன கதை

இங்கிலாந்துல ஹெய்ஷாம் துறைமுகத்துல இருந்து கப்பல்ல கிட்டத்தட்ட நாலு மணி நேரம். ஐரிஷ் கடல் குலுக்கின குலுக்குல தின்ன சாண்ட்விச் வெளிய வந்துடுமோன்னு ஒரு மூலையில கண்ண மூடி உக்காந்திருந்தேன், கீழ்த்தளம் முழுக்க பைக்கு, மேல முழுக்க லெதர் ஜாக்கெட்டு, பைக் ஓட்டத் தெரியாம டிடி (டூரிஸ்ட் ட்ராஃபி) பைக் ரேஸுக்குப் போன ஒரே ஆள் நானாத்தான் இருக்கும்.

இந்தத் தீவு பிரிட்டனோட சேர்த்தி இல்ல, டின்வால்ட்னு தனி பார்லிமென்ட் வச்சிருக்காங்க. ரேஸ் பொறந்ததே அதனாலதான். அங்க பிரிட்டன்ல 1903 சட்டப்படி மணிக்கு 20 மைலுக்கு மேல ஓட்டக்கூடாது, ரேஸுக்காக ரோட்டை மூடவும் முடியாது. இவங்க 1904லயே எங்க ரோட்டை நாங்க மூடிக்கறோம்னு சட்டம் போட்டாச்சு. முதல்ல கார் ஓடுச்சு, 1907 மே 28ல பைக்கு. சார்லி காலியர் மேட்ச்லெஸ் வண்டியில சராசரி 38 மைல் வேகத்துல ஜெயிச்சாரு, அதுவும் ஏத்தத்துல மிதிச்சுக்கிற மாதிரி பெடல் வச்ச வண்டி! நம்ம டிவிஎஸ் 50 ஞாபகம் வந்துடுச்சு எனக்கு.

1911ல ஸ்நேஃபெல் மலையைச் சுத்தற இப்போதைய ரூட்டுக்கு மாத்தினாங்க, ஒரு ரவுண்டு 60 கிலோமீட்டர். அந்த வருஷம் சீனியர் ரேஸ்ல முதல் மூணு இடமும் 'இந்தியன்' வண்டிக்கு. ரொம்ப சந்தோஷப்படாதீங்க, அது அமெரிக்கா கம்பெனி.

நான் நின்னது பலாஃப் பாலத்துக்கிட்ட. கூன் விழுந்த சின்னப் பாலம், பக்கத்துலயே பப்பு. பத்து செகண்டுக்கு ஒருத்தரா அனுப்பறதால முன்னாடி வர்றவன்தான் ஜெயிக்கிறான்னு சொல்ல முடியாது, அதனால எல்லார் காதுலயும் ரேடியோ. தூரத்துல தேனீ மாதிரி ஒரு சத்தம், அப்புறம் வண்டி பாலத்துல ஏறி ரெண்டு சக்கரமும் அந்தரத்துல, கீழ விழுந்த வேகத்துல சஸ்பென்ஷன் அமுங்கறது கண்ணுக்கே தெரியுது, அடுத்த மூச்சு விடறதுக்குள்ள ஆளக் காணோம். 2023ல பீட்டர் ஹிக்மன் இதே ரூட்ட சராசரி 136 மைல் வேகத்துல சுத்தியிருக்காரு, சராசரிங்க!

பயமாவும் இருந்துச்சு, பொய் சொல்லல. கல்லுச் சுவரும் விளக்குக் கம்பமும்தான் ரெண்டு பக்கமும். இந்த ரூட்ல இதுவரைக்கும் 260 பேருக்கு மேல செத்திருக்காங்க. 1972ல இத்தாலி ரேஸர் பார்லோட்டி இங்க இறந்ததும், அவரோட நாட்டுக்காரரான உலக சாம்பியன் அகோஸ்டினி இனிமே இங்க ஓட்டமாட்டேன்னுட்டாரு, 1976க்கு அப்புறம் உலக சாம்பியன்ஷிப் அந்தஸ்தே போயிடுச்சு. ஆனா ரேஸ் நிக்கல. 26 தடவ ஜெயிச்ச ஜோயி டன்லப் 2000ல எஸ்டோனியாவுல ஒரு ரேஸ்ல இறந்துட்டாரு, அவரோட தம்பி பையன் மைக்கேல் 2024ல அந்தக் கணக்கைத் தாண்டிட்டாரு. இத வீரம்னு சொல்றதா கிறுக்குன்னு சொல்றதா, எனக்கு இன்னும் குழப்பம்தான்.

ரோடு மூடினா திறக்கற வரைக்கும் அந்தப் பக்கம் போகவே முடியாதுன்னு யாரும் எனக்குச் சொல்லல. பாத்ரூம் பாலத்துக்கு எதிர்ப்பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பாத்து சிரிச்சுட்டு கேட்டைத் திறந்துவிட்டாரு, டீயும் குடுத்தாரு. சாயங்காலம் ரோடு திறந்ததும் ராம்சே பஸ் வந்துச்சு, அதே பாலத்துல கொட்டாவி விட்டுக்கிட்டே ஏறி இறங்குச்சு.