முக்கால் மூடி

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பின்மூடி காணாமல் போய் எட்டு மாதம் இருக்கும். பேட்டரிகள் விழாமல் இருக்க ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தோம். அது எப்படியோ நகர்ந்து நகர்ந்து மியூட் பட்டனின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். டிவி திடீரென்று ஊமையாகிவிடும். மனைவிக்கு அதில் புகார் ஒன்றும் இல்லை; செய்தி விவாதங்களுக்கு அது நல்லதுதான் என்பது அவள் கட்சி. எனக்குத்தான் உறுத்தல். முப்பரிமாண பிரிண்டரும், மேஜை மேல் வைக்கிற முப்பரிமாண ஸ்கேனரும் இருக்கிற வீட்டில் ரிமோட்டுக்கு ரப்பர் பேண்டா?

அக்கா வீட்டிலும் அதே டிவி, அதே ரிமோட். மூடியை மட்டும் ஒரு நாள் கடன் கேட்டேன்.

“பத்திரமா திருப்பிக் கொடுத்துடுவியாடா?” என்றாள். சின்ன வயதில் அவளுடைய கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தவன் நான். திருப்பி மாட்டியபோது இரண்டு சக்கரம் மிச்சம். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஸ்கேன் எடு, பிரிண்ட் போடு, மாட்டு. ஜெராக்ஸ் எடுப்பது போலத்தானே என்று நினைத்து மூடியைச் சுழல்தட்டில் வைத்தேன். தட்டு சுற்றியது, கோடு கோடாக வெளிச்சம் அடித்தது. திரையில் சுழல்தட்டு மிக அழகாக வந்திருந்தது. மூடியைக் காணோம்.

இந்த வகை ஸ்கேனர் வரிவரியாக ஒளியைப் பாய்ச்சி, அந்த வரிகள் பொருளின் மேடு பள்ளங்களில் எப்படி வளைகின்றன என்பதை கேமராவில் பார்த்து உருவத்தைக் கணக்குப் போடும். கறுப்புப் பொருள் ஒளியை விழுங்கிவிடும். பளபளப்பான பொருள் வேறு திசைக்கு அடித்துவிடும். அக்காவின் மூடி இரண்டும்தான். இதற்கென்றே வெள்ளையாகப் படியும் ஸ்பிரே உண்டு. சில வகைகள் கொஞ்ச நேரத்தில் தானாகவே ஆவியாகிக்கூடப் போய்விடும். என் கையில் இருந்தது மகளின் முகப் பவுடர். அது ஆவியாகாது.

பவுடர் பூசியதும் மூடி தெரிந்தது. ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் தகடு அது. விளிம்பு கேமராவுக்கு நேராகத் திரும்பும்போதெல்லாம் மறைந்துபோகும். முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை எடுத்து ஒட்டலாம் என்றால் இரண்டும் ஒன்றோடொன்று பேசவே மாட்டேன் என்றன. களிமண் உருண்டையில் செருகி நிமிர்த்தி வைத்தேன். ஸ்கேனர் களிமண்ணையும் விசுவாசமாகப் பிரதி எடுத்தது, அதில் பதிந்திருந்த என் கட்டைவிரல் அச்சு உட்பட. ரேகை போதுமான அளவுக்குத் தெரிந்தது. மூடியின் கொக்கிதான் தெரியவில்லை.

ஒருவழியாக உருவம் வந்தபோது அதில் ஊரில் இல்லாத ஓட்டை. ஓட்டைகளை அடைக்க மென்பொருளில் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினேன். எல்லாவற்றையும் அடைத்தது. மூடியின் தலைப்பக்கம் அழுத்தித் திறக்க ஒரு நாக்கு இருக்குமே, அது வளைவதற்காக விட்டிருக்கும் இடைவெளியையும் சேர்த்து. நாக்கு இப்போது கட்டியாகிவிட்டது.

சரி, ஸ்கேனைச் சும்மா அளவுக்கு வைத்துக்கொண்டு நாமே வரைந்துவிடலாம் என்று வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். முதலிலேயே எடுத்திருக்க வேண்டும். நீளம் 60, அகலம் 40, கனம் 1.5. கடைசியாக நாக்கின் கனம். காலிப்பரின் தாடையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். ‘டக்’.

அக்கா மூடியின் நாக்கு என் மடியில் கிடந்தது.

இதற்கு அப்புறம் செய்ததெல்லாம் பதற்றத்தில் செய்தது. வரைந்ததை எஸ்டிஎல் என்கிற முப்பரிமாண உருவக் கோப்பாக மாற்றி பிரிண்டருக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் முடியும் என்று காட்டியது. பரவாயில்லையே, வேகமான இயந்திரம்தான் என்று பெருமைகூடப் பட்டேன். பாருங்கள், எஸ்டிஎல் கோப்பில் வெறும் எண்தான் இருக்கும், அது மில்லிமீட்டரா அங்குலமா என்று கோப்பு சொல்லாது. நான் அங்குலக் கணக்கில் ஏற்றுமதி செய்ததில் 60 மில்லிமீட்டர் 2.36 என்று போயிருந்தது; பிரிண்டர் அதையே மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு 25.4 மடங்கு சுருக்கிவிட்டது. தட்டின் நடுவில் பச்சையாக ஒரு கொசு. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதுவும் மூடி மாதிரித்தான் இருந்தது.

(பச்சை, ஏனென்றால் பிரிண்டர் உருக்கி அடுக்குகிற பிளாஸ்டிக் இழையில் வீட்டில் இருந்த ஒரே நிறம் அதுதான்.)

அளவைத் திருத்திப் படுக்கை வாட்டத்தில் போட்டதில் முதல் அடுக்கு தட்டில் ஒட்டவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பச்சை நூடுல்ஸ். ஒட்டுப்பசை தடவி மறுபடி போட்டேன். மூடி வந்தது, ரிமோட்டுக்குள் போகவில்லை. ஓரத்துக்கு 0.2 மில்லிமீட்டர் விட்டுக் குறைத்தபின் போனது. குட்டைவிளிம்பில் நிறுத்திவைத்துப் போட்டுப் பார்த்ததில் ஒரே அழுத்தலில் நாக்கு அடுக்கோடு பிளந்து வந்தது. விறகை நார் வாக்கில் பிளப்பது போலத்தான், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிடிப்பு குறைவு. பக்கவாட்டில், நீளவிளிம்பு கீழே இருக்குமாறு நிறுத்தினால் நாக்கின் வளைவு முழுசாக ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் விழும். இது புரிவதற்குள் குப்பைக்கூடையில் ஐந்து மூடி.

ஸ்காட் கிரம்ப் என்பவர் 1988இல் மகளுக்காகப் பசைத் துப்பாக்கியால் அடுக்கடுக்காக ஒரு பொம்மைத் தவளை செய்யப் பார்த்ததில்தான் இந்த முறையே தொடங்கியது. அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானதால்தான் என்னைப் போன்றவர்கள் வீடு வரை வந்திருக்கிறது. இதை என் மகளுக்கு உணர்ச்சியோடு சொன்னேன். “அந்தப் பொண்ணுக்குத் தவளை கிடைச்சுதாப்பா?” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆறாவது மூடி கச்சிதம். போட்டால் ‘கிளிக்’, அழுத்தினால் ‘கிளிக்’. பத்து தடவை திறந்து மூடி ரசித்துவிட்டு, அதை உறையில் போட்டு அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“கறுப்பாத்தானடா கொடுத்தேன்?”

“கீழ விழுந்தா டக்குனு கண்ணுல படும்க்கா.”

அவள் மூடியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். “பவுடர் வாசனை வருது.” என் கையிலிருந்து ஒட்டியிருக்க வேண்டும். நாக்கு உடைந்த கதையை இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கான மூடியை அன்று இரவே போட்டேன். அதே கோப்பு, அதே வாட்டம், நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பிரிண்டர் முனை மட்டும் இங்கும் அங்குமாகக் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது. இழை தீர்ந்து எத்தனை நேரமோ. தட்டின் மேல், 40 மில்லிமீட்டர் வளர வேண்டிய மூடி 30இல் நின்றிருந்தது. நல்ல வேளை, நாக்கு நடுவில் இருந்ததால் அது தப்பித்துவிட்டது.

மாட்டிப் பார்த்தேன். ‘கிளிக்’. இரண்டு பேட்டரியில் ஒன்று முழுசாக உள்ளே இருக்கிறது. இன்னொன்றுக்கு ஜன்னலோர சீட்.

மனைவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் பேண்டை எடுத்து அலமாரியில் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள்.